ஜீப் மாத்திரைக்கு மசியாத காய்ச்சல்

ஆஸ்பத்திரியில் நோயைச் சொல்கிறவர் டாக்டர், குணமாக்குகிறவர் சாமி, ஊசியால் குத்துகிறவள் மட்டும்தான் நான். லேப் டெக்னீஷியன் வேலையின் மொத்த மரியாதையும் இவ்வளவுதான்.

கேரள மலையில், உடும்பஞ்சோலைப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். காய்ச்சலோடு பெஞ்சில் உட்கார்ந்து "ரிசல்ட் வந்துருச்சா?" என்று ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தவர்கள், காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையை அலமாரி மூலையில் பத்திரப்படுத்தியவர்கள், "இது எனக்குக் கேட்டுச்சு, உனக்கும் கேக்கும்" என்று அடுத்த வீட்டுக்குத் தானம் செய்தவர்கள் எல்லோரும் தைரியமாகப் படிக்கலாம். நான் திட்டப்போவதில்லை. திட்டுகிற இலாகா டாக்டரம்மாவுடையது. நீங்கள் என்னால் பட்ட பாட்டுக்கும் நான் உங்களால் பட்ட பாட்டுக்கும் கணக்கு எப்போதோ நேராகிவிட்டது.

ஓடும் மருந்துக்கடை

எங்கள் பக்கத்தில் லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் பெண்களை ஏலத்தோட்டத்துக்கு ஏற்றிப் போகிற ஜீப் ஒன்று உண்டு. ஓட்டுகிறவர் சேசுராஜ். ஊருக்கே சேசண்ணன். காலையில் லயத்து முன்னால் வந்து ஹாரன் அடிப்பார். காய் எடுக்கப் போகிற பெண்கள் தூக்குவாளியும் மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் ஷீட்டுமாக ஓடிவந்து ஏறுவார்கள். வாரத்தில் ஒருநாள் போடிமெட்டு வழியாகக் கீழே இறங்கி எல்லோருக்கும் சாமான் வாங்கி வருவார். அரிசி, கருவாடு, வெற்றிலை, கூடவே காய்ச்சல் மாத்திரை. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். மாத்திரைகள் அதற்குள். காசு வாங்க மாட்டார். ஒருத்திக்குக் காய்ச்சல் விட்டுப்போனால் மிச்ச மாத்திரையை அவள் அந்த டப்பாவில் போட்டுவிட வேண்டும், அடுத்தவளுக்கு உதவும். யாரும் எழுதிவைக்காத சட்டம், ஆனால் யாரும் மீறியதில்லை. இதைக் கெட்ட பழக்கம் என்று சொல்ல எனக்கு இன்னும் மனசு வராது. அத்தனை நல்ல எண்ணத்தில் பிறந்தது அது.

அந்த ஜீப்பில் போகிறவர் பாண்டியம்மா அக்கா. ஒருமுறை காய்ச்சலோடு வந்தார். டைபாய்டாக இருக்குமோ என்று டாக்டரம்மா கல்ச்சர் எழுதினார். கல்ச்சர் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ரத்தத்தை ஒரு பாட்டிலில் இருக்கும் சத்துத் தண்ணீரில் விட்டுக் கதகதப்பான பெட்டியில் வைப்போம். கிருமி இருந்தால் தின்று பெருகும், தண்ணீர் கலங்கும். அப்படி வளர்ந்த கிருமியை வைத்துத்தான் எந்த மருந்து அதைக் கொல்லும் என்று சோதித்துப் பார்க்க முடியும். ஆனால் வருவதற்கு முன்பே கிருமிக்கொல்லி மாத்திரை போட்டிருந்தால் கிருமி அரை மயக்கத்தில் கிடக்கும். பாட்டிலில் வளராது, ஆளுக்குள் மட்டும் ஒளிந்திருக்கும்.

அக்காவின் பாட்டில் கலங்கவே இல்லை. "மாத்திரை ஏதாவது போட்டீங்களாக்கா?" என்று கேட்டேன். போட்டாராம், அண்ணன் கொடுத்தாராம், வரும் வழியில்கூட ஒன்று போட்டாராம். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் என் மேஜையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணன் டப்பாவுல எல்லாக் காய்ச்சலுக்கும் மாத்திர இருக்கு. ஒன்கிட்ட ஊசி மட்டுந்தேன் இருக்கு."

பெருந்தன்மை

அதே பாண்டியம்மா அக்காவுக்கு டாக்டரம்மா முழுக் கோர்ஸ் மாத்திரை எழுதிக்கொடுத்தார். எங்கள் டாக்டரம்மா கோட்டயத்துக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார், ஆனால் கோபம் வந்தால் மலையாளம் ஆகிவிடும். மறுமுறை பார்க்க வந்தபோது அக்கா சிரித்த முகமாக இருந்தார். காய்ச்சல் போயே போச்சாம். மாத்திரை எல்லாம் முடித்தாயா என்று டாக்டரம்மா கேட்டதற்கு, பாதியிலேயே காய்ச்சல் விட்டதால் மீதியை டப்பாவில் போட்டுவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார்.

டாக்டரம்மா மலையாளத்துக்கு மாறினார். பாதி கோர்ஸில் நோஞ்சான் கிருமிதான் சாகும், முரட்டுக் கிருமி மிஞ்சும், மிஞ்சியது பெருகி ஓடைத் தண்ணீரில் கலந்து அடுத்த வீட்டுக்குப் போகும், அங்கே அதே மாத்திரையைக் கண்டால் அதற்குப் பயமே இருக்காது என்று மூச்சுவிடாமல் சொன்னார். நான் நடுவில் நின்று தமிழாக்கினேன். அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. நல்லது செய்துவிட்டுத் திட்டு வாங்கினால் யாருக்குத்தான் சுண்டாது? வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்: "எல்லாத்தையும் நானே முழுங்கிட்டா, அடுத்தவளுக்கு அண்ணன் என்னத்தக் குடுப்பாரு?"

பரம்பரைக் காய்ச்சல்

இந்த வரிசையில் எங்கள் தோட்டத்துக் கங்காணியையும் சொல்லியாக வேண்டும். மழை பிடித்தால் போதும், லேசாக உடம்பு சுட்டாலும் வந்து டைபாய்டு டெஸ்ட் எடுக்கச் சொல்வார். கல்ச்சர் வேண்டாம், உடனே முடிவு தெரிகிற சின்ன டெஸ்ட்தான் வேண்டும். எங்கள் பக்கத்தில் எப்போதாவது ஒருமுறை டைபாய்டோ அதன் தம்பி பாராடைபாய்டோ வந்துபோன ஆட்களுக்கு அந்த டெஸ்ட் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே இருக்கும். அதை நம்பி மாத்திரை கொடுக்கவே கூடாது என்பது டாக்டரம்மா கட்சி. ஒருநாள் கல்ச்சர் செய்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு டைபாய்டு இல்லை, வெறும் சளிக்காய்ச்சல்" என்று நல்ல சேதியாகத்தான் சொன்னேன். கங்காணி எழுந்தே நின்றுவிட்டார்: "எங்கப்பனுக்கு இருந்துச்சு, எனக்கு இருக்கு, எம் மகனுக்கும் இருக்கு. நீ திடீர்னு இல்லன்னு சொன்னா எப்பிடி?"

ஹாரன் கேட்காத காலை

போன மழைக்காலத்தில் ஒருநாள் ஜீப் வரவில்லை. லயத்துப் பெண்கள் தூக்குவாளியோடு நின்று நின்று பார்த்துவிட்டு நடந்தே தோட்டத்துக்குப் போனார்கள். அன்றைக்கு மத்தியானம் வேறொருவர் ஜீப்பில் சேசண்ணனை ஏற்றிக்கொண்டு வந்தார் அவர் மனைவி அந்தோணியம்மாள். எனக்கு மதினி முறை. இரண்டு வாரத்துக்கு மேலாகக் காய்ச்சலாம். சாயங்காலம் ஆனால் ஏறுமாம், காலையில் கொஞ்சம் தணியுமாம். அந்தக் கொஞ்சத்தை நம்பி அண்ணன் தினமும் வண்டி ஓட்டியிருக்கிறார். இப்போது கண் உள்ளே போய், நாக்கில் வெள்ளை படிந்து, வயிறு உப்பி, கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் வந்தது.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இத்தனை நாள் அடக்காமல் விட்ட டைபாய்டு குடலை ஓட்டையாக்கிவிடலாம். அப்படி ஆனால் இங்கே ஒன்றும் செய்ய முடியாது, ஆபரேஷனுக்குக் கோட்டயமோ மதுரையோ போக வேண்டும், இரண்டுக்கும் மலை இறங்க வேண்டும். அதுவரை ஆள் தாங்குமா என்பது கேள்வி. உத்தேசமாக ஒரு ஊசி மருந்தை டிரிப்பில் ஏற்றத் தொடங்குகிறேன், அது சரியான மருந்துதானா என்று நீதான் சொல்ல வேண்டும் என்றார்.

மருந்து ஏறுவதற்கு முன்னால் ரத்தம் எடுக்கப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ பேருக்கு வைத்தியம் பார்த்த மனுஷன், குரலே எழும்பாமல் சொன்னார்: "டாக்டரம்மாகிட்டச் சொல்லிறாத தாயி. டப்பாவுல இருந்துதேன் இத்தன நாளா நானும் எடுத்துத் தின்னேன்."

டப்பா தரிசனம்

சொல்லாமல் இருக்க முடியுமா? உடனே சொன்னேன். டாக்டரம்மா டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். மேஜையில் கவிழ்த்ததும் வானவில் மாதிரி கொட்டியது. சீட்டில் இருந்து பிய்த்த மாத்திரைகள், பெயர் கிழிந்த துண்டுகள், தனியாக உருண்டவை. எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக்கடையைப் பார்த்துக்கொள்ளும் சகோதரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பிரித்தார். சிப்ரோ என்கிற கிருமிக்கொல்லி நிறைய. ரத்தக்கொதிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, சத்து மாத்திரை. பெரிதாக ஒன்று இருந்தது. அது மாட்டுக்குக் குடல்புழு நீக்கக் கொடுப்பது என்று அவர் சொன்னபோது டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். டப்பா மருந்துக்கடைக்குள் போனது, அதற்கப்புறம் அதை யாரும் பார்க்கவில்லை.

இதில் எதையெதைச் சாப்பிட்டார், எப்படித் தெரிந்துகொண்டு சாப்பிட்டார் என்று டாக்டரம்மா கேட்டார். மதினி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு விளக்கினார்: "கலரு பாத்துத்தேன் டாக்டரு. காய்ச்சலுக்கு வெள்ள, வயித்துக்கு மஞ்ச, என்னன்னு தெரியலன்னா ரெண்டும்."

கலங்கிய பாட்டில்

இனி என் பாடு. அண்ணன் அத்தனை மாத்திரை தின்றிருக்கிறார். பாண்டியம்மா அக்காவுக்கு ஆனது போல இவர் பாட்டிலிலும் ஒன்றும் வளராமல் போனால் டாக்டரம்மா கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வைத்தியம் பார்க்க வேண்டும். அதனால் ரத்தத்தைக் கொஞ்சம் தாராளமாகவே எடுத்து இரண்டு பாட்டிலில் விட்டேன். அதற்கப்புறம் நான் வேறு வேலையே பார்க்கவில்லை என்று சொன்னால் பொய், ஆனால் எல்லா வேலைக்கும் நடுவில் பெட்டியைத் திறந்து பாட்டிலைத்தான் பார்த்தேன். மதினி ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தார். எனக்கு டீ குடிக்கக்கூடக் கூச்சமாக இருந்தது.

பாட்டில் கலங்கியது. நன்றாகவே கலங்கியது. சோதித்தால் டைபாய்டு கிருமியேதான். நான் சந்தோஷத்தில் "வளந்துருச்சு மதினி!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அத்தனை மாத்திரைக்கு நடுவிலும் இந்தக் கிருமி மயங்காமல் கொள்ளாமல் கெட்டியாக இருந்திருக்கிறது. என் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. ஆனால் மதினி பார்த்துவிட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கிருமி உசுரோட இருக்குன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறீகளே, நீங்கள்லாம் நல்லாருப்பீகளா?"

தட்டு சொன்ன தீர்ப்பு

வளர்ந்த கிருமியைக் கடற்பாசிக் கூழ் ஊற்றி உறையவைத்த தட்டில் தடவுவோம். அதன் மேல் ஒவ்வொரு மருந்திலும் நனைத்த சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைப்போம். கிருமியைக் கொல்கிற மருந்தைச் சுற்றி மறுநாள் வட்டமாகத் துடைத்துவிட்டது போல இடம் காலியாகக் கிடக்கும். கொல்லாத மருந்தைச் சுற்றி வட்டம் இருக்காது, கிருமி வில்லையை ஒட்டியே வளர்ந்திருக்கும். பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அதைவிடத் தெளிவான எழுத்து கிடையாது.

மறுநாள் தட்டை எடுத்தேன். முதலில் சிப்ரோ வில்லையைப் பார்த்தேன். வட்டமே இல்லை. கிருமி அதன் விளிம்புவரை வந்து சாவகாசமாகக் குடியிருந்தது. எங்கள் லயத்தையும் டப்பாவையும் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சிப்ரோவுக்குப் பயப்படாத டைபாய்டு இப்போது ஊர் ஊராகத்தான் இருக்கிறது, இது எங்கிருந்து ஏறிவந்ததோ. அடுத்து, டாக்டரம்மா உத்தேசமாக ஏற்றிக்கொண்டிருந்த ஊசி மருந்தின் வில்லை. அதைச் சுற்றி அகலமாக, அழகாக ஒரு வட்டம்! அசித்ரோ என்கிற இன்னொரு கிருமிக்கொல்லிக்கும் நல்ல வட்டம். எல்லாவற்றையும்விட வேடிக்கை, ஒரு காலத்தில் டைபாய்டே அசட்டை செய்ததால் ஓரங்கட்டப்பட்ட குளோராம்பெனிக்கால் வில்லைக்கும் வட்டம் விழுந்திருந்தது. வருஷக்கணக்காக யாரும் அதைத் தொடாமல் இருந்ததில் கிருமிக்கே அது மறந்துபோயிருக்கிறது.

தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். கோபத்துக்கு மட்டுமில்லை, நிம்மதிக்கும் அவருக்கு மலையாளம்தான்: "ஹாவூ, சமாதானமாயி. ஜெயா, போய் ரெண்டு சாயா சொல்லு. நேத்திலிருந்து எனக்கு ஒண்ணும் இறங்கல."

இறங்க மறுத்த காய்ச்சல்

இங்கேயே கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் டைபாய்டுக்குச் சரியான மருந்தே கொடுத்தாலும் காய்ச்சல் உடனே இறங்காது. சில நாள் வீம்பு பிடித்துவிட்டுத்தான் இறங்கும். அது டாக்டரம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? மருந்து ஏறுகிறது, சாயங்காலம் ஆனால் காய்ச்சலும் ஏறுகிறது. வேலை முடித்து ஜீப் பெண்கள் கூட்டமாகப் பார்க்க வந்தார்கள். பாண்டியம்மா அக்கா யாரிடமோ சொல்லியனுப்பிக் கீழேயிருந்து வரவழைத்த ஒரு மாத்திரைச் சீட்டை இடுப்பிலிருந்து எடுத்தார். "இதையும் ஒண்ணு குடுத்துப் பாப்பமே" என்றார். மதினியின் கை அதை வாங்க நீண்டும்விட்டது.

நான் ஓடிப்போய்த் தட்டைக் கொண்டுவந்து காட்டினேன். இதோ வட்டம், இதோ நம்ம மருந்து, கிருமி செத்துக்கொண்டுதான் இருக்கிறது, பொறுங்கள் என்று கெஞ்சினேன். பெண்கள் எல்லோரும் தட்டை எட்டிப் பார்த்தார்கள். அக்கா மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். மதினி சீட்டை வாங்கவில்லை. ஆனால் என்னை நேராகப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "ஒந் தட்டுல வேல செய்யிது, சரி. எம் புருசன் ஒடம்புல அது எப்பச் செய்யும்?"

வேர்வை

ஒருநாள் காலையில் நான் லேபைத் திறக்கும்போதே மதினி வாசலில் நின்றார். அவர் என் கையைப் பிடித்து வார்டுக்கு இழுத்துப் போனார். அண்ணன் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார். சட்டை, தலையணை எல்லாம் ஈரம். தொட்டுப் பார்த்தேன், நெற்றி சில்லென்று இருந்தது. வயிறும் தணிந்திருந்தது. சாயங்காலம் வரை நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம், காய்ச்சல் திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. லேபுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அப்புறம் முகம் கழுவிக்கொண்டு அடுத்த ஆளுக்கு ஊசி எடுத்தேன்.

டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தபோது அண்ணன் எழுந்து உட்கார்ந்திருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார் டாக்டரம்மா. கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு அண்ணன் சொன்னார்: "பொழச்சது நெசமுன்னா ஒரு கருவாடு சுட்டுக் குடுக்கச் சொல்லுங்க. கஞ்சிதேன்னா இன்னும் சந்தேகமாத்தேன் இருக்கு."

சுத்தமான ரத்தம்

அண்ணன் வீட்டுக்குப் போய் மீதி மருந்தையும் முடித்தார். கடைசி மாத்திரை வரை மதினி எதிரில் நின்று விழுங்கவைத்து, வாயைத் திறந்து காட்டவும் சொன்னாராம். ஜீப் மறுபடி ஓடுகிறது. ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கிறவர்களுக்கு ஜீப்பில் இடமில்லை என்று மதினி சட்டம் போட்டிருப்பதாகவும் கேள்வி.

இந்த மாதம் ஒருநாள் அந்த ஜீப் நேராக எங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றது. மதினி பாண்டியம்மா அக்காவைக் கைத்தாங்கலாக இறக்கினார். அக்காவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். வீட்டில் மாத்திரை தேடியிருக்கிறார், மதினி தட்டிவிட்டிருக்கிறார். பெஞ்சில் உட்காரவைத்து அக்காவின் கையை என் முன்னால் நீட்டினார்: "ஒத்த மாத்திர கூட வாயில வைக்க விடல. இந்தா, சுத்தமான ரத்தம், எடுத்துக்க."

இத்தனை வருஷத்தில் மாத்திரை வாசனையே படாத ரத்தம் அந்த லயத்திலிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. ஆசையாக எடுத்தேன். பாட்டிலைக் குழந்தை மாதிரி பெட்டியில் படுக்கவைத்தேன். வைக்க வேண்டிய நாள் முழுக்க வைத்துப் பார்த்தும் தண்ணீர் கலங்கவே இல்லை, தெளிந்தே இருந்தது. இந்தத் தடவை அந்தத் தெளிவை நம்பலாம். அதற்குள் அக்காவின் காய்ச்சலும் தானாகவே விட்டிருந்தது. "டைபாய்டு இல்லக்கா, ஒண்ணுமே இல்ல, சும்மா வந்துபோற காய்ச்சல்தான்" என்று சொன்னேன். அக்கா பஞ்சு ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார், மதினியை ஒரு முறை முறைத்தார், பிறகு என்னிடம் திரும்பினார்: "ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டு ரத்தத்த உறிஞ்சுன?"

'ஒன்றுமில்லை' என்று சொல்வதற்காகவே இத்தனை வருஷமாக ஊரையெல்லாம் குத்திக்கொண்டிருக்கிறேன், அதைக் கேட்டு இதுவரை சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான்.